ஓதி அறுத்ததும் முத்திரை குத்தியதும்

ஹலால் என்கிற சொல்லைச் சுற்றி இன்று இரண்டு வகையான சொல்லாடல்கள் உலவுகின்றன. ஒன்று இந்துத்துவத்தினுடையது. ஹலால் முத்திரை என்பது பொருளாதார ஜிஹாத், முத்திரைக்கான கட்டணத்தை இந்துவின் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். மற்றது சான்றிதழ் தரும் நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும் பேசுவது. ஹலால் என்றால் சுத்தம், சுகாதாரம், ரத்தம் முழுக்க வடிந்த ஆரோக்கியமான கறி, எனவே அது முஸ்லிம்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் ஆனது என்கிறார்கள். முதலாவதை எதிர்க்கிற அவசரத்தில் நம் தோழர்கள் பலர் இரண்டாவதை அப்படியே வாங்கி மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'ஹலால்னா ஹைஜீன் தோழர், அதுல மதம் எங்க இருக்கு?' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. இல்லை என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாம் யாரைக் காப்பாற்றுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கறியிலிருந்து தொடங்காமல் வெல்லத்திலிருந்து தொடங்குவோம். 2021 நவம்பரில் சபரிமலை அரவணைப் பாயசத்துக்கு வாங்கிய வெல்ல மூட்டைகளில் ஹலால் முத்திரை இருந்தது என்று கேரள உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மகாராஷ்டிரத்து ஆலையில் காய்ச்சிய வெல்லம். அரபு நாடுகளுக்கும் அனுப்புகிற சரக்கு என்பதால் சாக்கில் முத்திரை இருந்தது என்று தேவஸ்வம் போர்டு விளக்கியது. ஹலால் என்றால் என்ன பொருள் என்று விசாரித்துக்கொண்டு வந்தீர்களா என்று நீதிபதிகள் மனுதாரரைக் கேட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கமிருந்து கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். மலைக்குப் போகிற வழியில் வாவர் இருக்கலாம், பாயசத்துக்குப் போகிற வெல்லத்தில் ஓர் அரபுச் சொல் இருக்கக்கூடாது. 2023 ஜூலையில் ரயிலில் கொடுத்த தேநீர்ப் பொடிப் பொட்டலத்தில் ஹலால் என்று போட்டிருக்கிறதே என்று ஒரு பயணி சண்டை பிடித்தார். தேநீர் சைவம்தான் ஐயா என்று ரயில் ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 17 இல் லக்னோவில் ஒரு வழக்கு பதிவாயிற்று. சென்னையிலிருந்து இயங்கும் ஹலால் இந்தியா உட்படச் சில அமைப்புகளின் பெயர் அதில் இருந்தது. மறுநாளே உத்தரப்பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற உணவுப்பொருட்களைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விதிவிலக்கு. இதே 2023 இல்தான் மைய அரசின் வெளிநாட்டு வணிக இயக்ககம், ஏற்றுமதியாகும் இறைச்சிக்கு ஹலால் சான்று தரும் அமைப்புகளை இந்தியத் தரக் குழுமத்தின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஆக, வெளிநாட்டான் தின்றால் ஹலால் அந்நியச் செலாவணி. உள்ளூரான் தின்றால் தேசவிரோதம்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, சிமெண்டுக்கும் கம்பிக்கும்கூட ஹலால் முத்திரை தருகிறார்களாமே என்று அதிர்ச்சி தெரிவித்தது. சிமெண்டுக்கு முத்திரை என்பது எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பை வெல்லத்துக்கும் தேநீருக்கும் நீட்டிவிடக்கூடாது. ஏனென்றால் ஆலையில் செய்த எந்த உணவும் இன்று தன் பெயரில் இருப்பதில்லை. பிஸ்கட் உறையைத் திருப்பிப் பாருங்கள். 'எமல்சிஃபையர் 471' என்று இருக்கும். அது பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பன்றிக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண் ஒன்றுதான். மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் எலும்பு, தோலிலிருந்து. சிவப்புச் சாயம் 120 ஒரு பூச்சியை அரைத்தது. மாவைத் தளர்த்தும் எல்-சிஸ்டீனை இறகிலிருந்தும் எடுக்கிறார்கள், மனித மயிரிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்தது. இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து. வெனிலா எசன்ஸைக் கரைத்து வைத்திருப்பது சாராயம். சான்று தருகிறவர்கள் செய்கிற வேலை இதுதான்: ஒவ்வொரு சேர்மானத்தின் மூலத்தையும் கேட்பது, ஆலைக்குள் அது போகிற வழியைப் பார்ப்பது, எந்திரத்தைக் கழுவும் பொருளையும் உராய்வெண்ணெயையும் விசாரிப்பது, கட்டணம் வாங்குவது, குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்வது.

இந்தோனேசியாவில் இது எப்படி உருவானது என்பது கவனிக்கத்தக்கது. 1988 இல் பிராவிஜயா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் கடைச் சரக்குகள் பலவற்றில் பன்றியிலிருந்து வந்த பொருள் இருக்கக்கூடும் என்று எழுதினார். நாடு பதறியது, விற்பனை சரிந்தது. 1989 இல் உலமா சபை தன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. 2001 ஜனவரியில் அஜினொமோட்டோ வழக்கு. சுவையுப்பில் பன்றி இல்லை. அதை நொதிக்கவைக்கும் கிருமிக்குப் போட்ட தீனியில், அந்தத் தீனியைத் தயாரிக்கப் பயன்பட்ட என்சைமில் பன்றி இருந்தது. கடைசிப் பொருளில் எதுவுமில்லை என்று நாட்டின் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித் சொன்னார். அவரே பெரிய மார்க்க அறிஞர். உலமா சபை கேட்கவில்லை. சரக்கு திரும்பப் பெறப்பட்டது. பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் விலக்கும் நீங்குமா என்பது இஸ்லாமியச் சட்டவியலில் பழைய விவாதம். தொழிற்சாலை அதைப் புதிதாகக் கிளப்பிவிட்டது. அச்சத்துக்கு எல்லை ஏது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2014 இல் மலேசியாவில் காட்பரி சாக்லெட்டில் பன்றியின் டி.என்.ஏ. தடயம் என்றது சுகாதாரத் துறை. சில நாட்களில், எங்கள் சோதனையில் இல்லை என்றது இஸ்லாமிய வளர்ச்சித் துறை.

சேர்மானத்தின் மூலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற பதற்றம் முஸ்லிமுக்கு மட்டும் உரியதா? 2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், உணவில் சேரும் ஒவ்வொன்றும் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா ஆய்வகத்திலிருந்தா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. வழக்குப் போட்டது பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மிருகத்தைக் காட்டு என்பதுதான் அவர்களுடைய கோரிக்கையும். ஆனால் அவர்களுக்கு முத்திரை குத்தித் தர அரசே இருக்கிறது. 2001 முதல் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி வந்துவிட்டது. சைவம் என்பது ஓர் உணவுப் பழக்கம் மட்டுமா? அது எந்தச் சாதிகளின் ஒழுக்கம், யாரை அளக்கிற கோல் என்று நாட்டில் யாரும் கேட்பதில்லை. பச்சைப் புள்ளி சட்டம், ஹலால் முத்திரை சதி என்றாகிறது. ஆதிக்கத்தின் குறி குறியாகவே தெரியாது. அதுதான் அதன் பலம்.

தமிழ்நாட்டில் இந்த முத்திரை வரலாறு இன்னும் பழையது. 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் இருந்தன. அங்கே சாப்பிட்டவர்கள் பிராமணர்கள் மட்டுமல்ல. காசு கையில் வந்த பிராமணரல்லாதாரும் 'அங்க சுத்தமா இருக்கும்' என்று தேடிப் போனார்கள். சமைக்கிற கையின் பிறப்பே சுகாதாரத்துக்குச் சான்று. 1957 இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நடத்திய மறியல், அந்த எழுத்தை அழி என்பதற்காகத்தான். இன்றைக்கும் 'ஐயங்கார் பேக்கரி' என்று பலகை போட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வியாபாரம் நடக்கிறது. முட்டை பப்ஸும் அங்கேயே கிடைக்கிறது என்பது வேறு விஷயம். யாரும் வழக்குப் போடவில்லை. 2020 மே மாதம், கொரோனாவால் அடங்கியிருந்த வீதிகளில், சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி தன் கடையில் முஸ்லிம் பணியாளர் யாரும் இல்லை என்றே விளம்பரம் செய்தது. அதற்குக் கைது நடந்தது, உண்மை. ஆனால் அப்படி விளம்பரம் செய்தால் வாடிக்கையாளர் வருவார் என்று அவருக்குத் தோன்றியதே, அந்தக் கணக்கைக் கைது செய்ய முடியவில்லை. 2024 ஜூலையில் முசாபர்நகர் போலீஸ் காவடி யாத்திரை வழியில் இருக்கும் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி மாட்ட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 22 ஆம் தேதி அதை நிறுத்திவைத்தது.

இந்த இரண்டு வகை எழுத்துகளுக்கும் இடையே வித்தியாசம் உண்டு. ஹலால் முத்திரை பொருளைப் பற்றிப் பேசுகிறது: இதில் என்ன சேர்ந்தது, எப்படி அறுக்கப்பட்டது. பிராமணாள் பலகையும் முசாபர்நகர் பலகையும் ஆளைப் பற்றிப் பேசுகின்றன: தொட்டவன் யார். ஹலாலிலும் அறுப்பவர் யார் என்ற நிபந்தனை உண்டே என்று கேட்கலாம். உண்டு. முஸ்லிமாக இருக்க வேண்டும், வேதம் அருளப்பட்ட யூத, கிறிஸ்துவர் அறுத்ததும் கூடும் என்பது மார்க்கம். அது நம்பிக்கையைக் கேட்கிறது, பிறப்பைக் கேட்கவில்லை. நேற்று கலிமா சொன்னவர் இன்று கத்தியை எடுக்கலாம். எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் நம்மில் பலர் பிராமணாள் ஓட்டல் அடுக்களைக்குள் போயிருக்க முடியாது.

இனி நம் ஊர்க் கறிக்கடைக்கு வருகிறேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி, திருமயம் பக்கம் முஸ்லிமல்லாதார் ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்குப் போவது எந்தச் சான்றிதழையும் பார்த்து அல்ல. இங்கே பெரும்பாலான கடைகளில் அப்படி ஒரு காகிதமே கிடையாது. சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் பிடித்த கிடாய், கடை வாசலில் கட்டியிருக்கும், காலையில் அறுத்துத் தொங்கும். வெள்ளாடுதான் என்று காட்ட வாலை விட்டு வைத்திருப்பார்கள். ஏன் பாய் கடை என்று தெரிந்தவர்களைக் கேட்டால் 'ரத்தம் நல்லா வடிஞ்சிருக்கும்' என்பதுதான் முதல் பதில். எனக்கு இது நம்பும்படியாக இல்லை. அப்படிச் சொல்கிறவரே அடுத்த தெருக் கடையில் தூக்குச்சட்டியை நீட்டி ஆட்டு ரத்தம் வாங்கிப் போகிறார், வெங்காயம் போட்டுப் பொரியல் பண்ண. ரத்தம் ஹராம் என்பதால் பாய் அதை விற்பதில்லை. அறுப்பு முறைக்கு முறை வடிகிற ரத்தத்தின் அளவில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆகவே 'ஹலால் என்றால் ஹைஜீன்' என்பது கறிக்கடை வாசலிலேயே உடைந்துபோகிறது.

கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அடுத்த பதில் வரும்: 'செத்த ஆட்ட போடமாட்டாரு.' இங்கேதான் விஷயம் இருக்கிறது. கறி வாங்குகிறவனின் பெரிய பயம் நோயில் செத்ததை வெட்டிக் கலந்துவிடுவார்களோ என்பது. தானாகச் செத்தது மார்க்கத்தில் விலக்கு. அதே ஆட்டின் கறிதான் அவர் வீட்டு உலையிலும் கொதிக்கிறது. எனக்குத் தெரிந்த கறிக்கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, 'ஒங்களுக்குப் பதில் சொல்றது பெருசில்ல மாமா, படைச்சவனுக்குல்ல பதில் சொல்லணும்' என்றார். வாங்குகிறவன் அந்தப் படைச்சவனை நம்புகிறானா என்பது பொருட்டில்லை. அவர் நம்புகிறார் என்பதை இவன் நம்புகிறான். மற்றவனின் நம்பிக்கை மீது வைக்கிற நம்பிக்கை இது. 'ஹைஜீன்' என்று மொழிபெயர்த்தால் செத்துப்போவது இதுதான். முஸ்லிமிடமிருந்து அவருடைய இறையச்சத்தைக் கழித்துவிட்டு, மீதியைத் தரக்கட்டுப்பாடு என்று பெயர் மாற்றி நமக்கு ஏற்றதாக்கிக்கொள்கிறோம். பிறனைப் பிறனாக ஏற்காமல் நம்முடைய பதிப்பாக மாற்றித்தான் ஏற்போம் என்பதற்கு மதச்சார்பின்மை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆனால் இந்தக் கறிக்கடை நேசத்தை வைத்து ஒரு மத நல்லிணக்கக் கதையாடலை எழுத நான் தயாரில்லை. செத்ததைத் தின்பது என்ற பழி இந்த மண்ணில் யார்மேல் சுமத்தப்பட்டது? அம்பேத்கர் 1948 இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதியபோது செத்த மாட்டின் இறைச்சியைத்தான் மையமாக வைத்தார். இடைநிலைச் சாதிக்காரர் பாய் கடைக் கறியில் பெறுகிற நிம்மதிக்கு ஓரத்தில் இந்த அருவருப்பும் ஒட்டியிருக்கிறது: செத்ததுமில்லை, மாடுமில்லை, பன்றியுமில்லை, 'அவங்க' கை பட்டதுமில்லை. மாட்டுக்கறிக் கடையும் பன்றிக்கறி விற்கிற இடமும் ஊரில் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். தீண்டாமை என்று சொல்லாமலே தூய்மையைப் பெறுவதற்கு ஹலால் சாதி இந்துவுக்கு வசதியாக இருக்கிறது. இது ஹலாலின் குற்றமல்ல. ஆனால் 'எல்லோருக்குமான ஹலால்' என்று பேசுகிறவர்கள் அந்த எல்லோரும் யார் என்று சொல்ல வேண்டும். பன்றி வளர்த்துப் பிழைக்கிற சாதிகள் அதில் இல்லை. மேரி டக்ளஸ் 1966 இல் அசுத்தம் என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்கிற மாதிரி விளக்கினார். நம் ஊரில் பொருளுக்கு முன்னால் மனிதர்களுக்கு இடம் ஒதுக்கி முடித்துவிட்டார்கள்.

ஹலாலும் ஒரே கட்டாக இல்லை. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் என்று நீளும் கடற்கரையில் ஷாஃபி வழக்கம். உள்ளே வந்தால் ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி. ஹனஃபிக்கு நண்டு ஆகாது, இறாலில் அவர்களுக்குள்ளேயே வழக்கு. ஷாஃபிக்குக் கடல் பொதுவாகத் திறந்தே கிடக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்குள் நண்டு ரசம் ஒரு வீட்டில் கொதிக்கிறது, மற்ற வீட்டில் வாசலோடு நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. கிடாவெட்டுக்கு வருவோம். வேறு பெயர் சொல்லிப் பலியிட்டது முஸ்லிமுக்குக் கூடாது. ஆகவே விருந்துக்குக் கூப்பிடுகிற வீட்டில் சாமிக்கு அரிவாளால் வெட்டியது ஒரு பக்கம், பாயைக் கூப்பிட்டு ஓதி அறுத்தது ஒரு பக்கம், இரண்டு அண்டா. முஸ்லிம் விருந்தாளி எதில் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு 1950 ஆம் ஆண்டு பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டியெடுத்தபோது முதல் அண்டா சட்டவிரோதமாயிற்று. 2004 பிப்ரவரியில் சட்டத்தையே நீக்க வேண்டிவந்தது. இன்று உத்தரப்பிரதேசத்தில் தடை இரண்டாவது அண்டாவின் மேல். இரண்டுக்கும் அடியில் எரிவது ஒரே அடுப்பு என்று நினைக்கிறேன்.

முத்திரை இல்லாத நம்பிக்கை எத்தனை சீக்கிரம் உடையும் என்பதையும் பார்த்தோம். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த சுமார் 2000 கிலோ கறி பிடிபட்டது. நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு. தோலுரித்த உடம்பில் வால் நீளமாக இருக்கிறதே என்பதுதான் சந்தேகத்தின் வேர். நம் கசாப்புக்கடை எதை நம்பிக்கைக்காக விட்டுவைத்ததோ அதுவே சாட்சியாகத் திரும்பியது. கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனை ஆட்டுக்கறிதான் என்றது. அந்தப் பக்கத்து ஆட்டுக்கு வால் நீளம். முடிவு வருவதற்குள் விரல்கள் பிரியாணிக் கடைகளை நோக்கி நீண்டிருந்தன. இப்படி ஒவ்வொரு வதந்திக்குப் பிறகும் 'சர்டிஃபிகேட் வாங்கிடுங்க பாய்' என்கிற குரல் வருகிறது. பெரிய சங்கிலிக் கடைகள் வாங்கிவிடும். அறந்தாங்கியில் இரண்டு கிடாய் அறுக்கிறவர் எங்கே போவார்? 2013 இல் ஐரோப்பாவில் குதிரைக்கறி மாட்டுக்கறியாக விற்ற கதை வெளியானபோது அவையெல்லாம் காகிதத்தோடுதான் இருந்தன. காகிதம் ஆளைத் தெரியாத இடத்துக்கு வேண்டியது. தெரிந்த இடத்தில் அது வந்தால் ஆள் பின்னுக்குப் போய்விடுகிறார். அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிற பிள்ளைகள் முத்திரை பார்த்துப் பழகி ஊர் திரும்புகிறார்கள். தாத்தா கணக்கு வைத்திருந்த கடையில் காகிதம் கேட்கிறார்கள்.

தூய்மைக்குச் சான்று என்ற பேச்சை இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பேசும்போது வேங்கைவயலைத் தாண்டிப் போக முடியாது. 2022 டிசம்பர் 26 இல் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே தெரிந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையையும் கண்டார். பிறகு ஊராரின் ரத்த மாதிரிகளை எடுத்து டி.என்.ஏ. ஒப்பிட்டார்கள். கோலாலம்பூரில் சாக்லெட்டில் தேடியதை இங்கே தண்ணீரில் தேடினார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தலித் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஹலால் முத்திரையைக் கண்டு கொதிக்கிறவர்கள் இந்தத் தொட்டியைப் பற்றி அதே சூட்டில் பேசிக் கேட்டதில்லை. பேசமாட்டார்கள். தேநீர்ப் பொட்டலத்தில் எதுவும் கலக்கவில்லை, எழுத்து மட்டும் இருந்தது. தொட்டியில் கலந்திருந்தது.

இலங்கையில் நடந்ததை நாம் சரியாகப் படிக்கவில்லை. 2013 பிப்ரவரி 17 இல் மகரகமவில் பொதுபல சேனா கூட்டம் போட்டு ஹலால் முத்திரையை ஒழி என்றது. சிங்களவர் ஏன் முஸ்லிமின் முத்திரைக்குக் காசு தர வேண்டும் என்ற அதே கேள்வி. சான்று தந்துகொண்டிருந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, சமாதானத்துக்காக, மார்ச் மாதம் உள்நாட்டுப் பொருட்களில் முத்திரை கட்டாயமில்லை என்று இறங்கிவந்தது. பிறகு அந்தப் பணியையே தனி நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. முத்திரை போனதும் பகை தீர்ந்ததா? அந்த மார்ச் முடிவதற்குள் பெபிலியானவில் முஸ்லிம் துணிக்கடை தாக்கப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தது. துணிக்கடையில் ஹலாலுக்கு என்ன வேலை?

கட்டணம் பற்றிய கேள்வியை அவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் கேட்காமல் விடவும் கூடாது. சான்றுத் தொழிலில் யாருக்கு எவ்வளவு போகிறது, உலமாக்களிடமிருந்து ஆலோசனை நிறுவனங்களுக்கு அதிகாரம் எப்படி மாறுகிறது, சிறு கடைக்காரர் எப்படி வெளியே தள்ளப்படுகிறார் என்றெல்லாம் முஸ்லிம் எழுத்தாளர்களே எழுத வேண்டும். அதற்கு இடம் தர வேண்டிய பத்திரிகைகளில் இதுவும் ஒன்று. அரசிடம் கேட்க வேண்டியது வேறு: 471 எந்த மிருகம், எந்தச் செடி என்று உறையிலேயே எழுதச் சொல்லுங்கள். தில்லி நீதிமன்றம் பசுக்காவலர்கள் கேட்டு வழங்கியதை நாம் எல்லோர் பெயரிலும் கேட்கலாம். பன்றி தின்கிறவருக்கும் அது பயன்படும், எதுவும் தின்னாதவருக்கும் பயன்படும். அதற்குமேல் ஓதி அறுத்ததுதான் வேண்டும் என்பவர் அதைத் தேடிக்கொள்வார். அறந்தாங்கியில் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போதைக்கு எல்லோருக்கும் தெரியும்.